தங்கைக்குக் கொடுத்த ரத்தம்

என் ரத்தத்தைப் பற்றி எனக்குச் சரியாகப் பதினோரு நாள் கர்வம் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் ஆசுபத்திரி வராந்தாவில் நான் நடந்த நடை இருக்கிறதே, கவர்னர் துரையின் சம்சாரம்கூட அப்படி நடந்திருக்க மாட்டாள். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கையை நீட்டி, முழங்கை மடிப்பில் இருந்த ஊசிக் காயத்தைக் காட்டினேன். "என் தங்கச்சி ஒடம்புல இப்ப ஓடுறது என் ரத்தம்" என்று பாசாருக்குப் போகிற வழியில் சொன்னேன், கோயில் வாசலில் சொன்னேன், வேலை செய்கிற இடத்தில் சொல்லிச் சொல்லி எல்லோர் காதையும் புண்ணாக்கினேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பு நடந்தது இது. எனக்கு அப்போது முப்பது வயது. மலாயாவில், சிம்பாங் அம்பாட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே கல்யாணமாகி, காய்ச்சலில் போன புருஷனை அங்கேயே புதைத்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்புதான் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வந்திருந்தேன். ஒரு கிடங்கில் பாக்குப் பொறுக்கும் வேலை கிடைத்தது. சாக்குச் சாக்காகக் கொட்டுவார்கள். பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நல்லதைத் தனியாகவும் சொத்தையைத் தனியாகவும் பிரிப்போம். ஒரு சொத்தை தப்பிப் போய்விட்டாலும் கணக்கப்பிள்ளை கத்துவார். என் பக்கம் பார்த்து மட்டும் அவர் ஒரு நாளும் கத்தியதில்லை.

தங்கை வேறு மாதிரி வளர்ந்தவள். அவளைப் பெற்றுப் போட்ட மறுநாளே உதிரம் நிற்காமல் அம்மா போய்விட்டாள். கூலிக்காரர் வரிசையான லயத்து வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அப்பா என்ன செய்வார்? டவுனில் இருந்த சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதோடு அவள் டவுன் பிள்ளையாகிவிட்டாள். கான்வென்ட் படிப்பு, காலில் செருப்பு, முகத்துக்குப் பவுடர். தோட்டத்துப் பக்கம் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. நான் இங்கே வந்த பிறகுதான் நாங்கள் அக்கா தங்கையாகப் பழகவே ஆரம்பித்தோம். அவள் என்மேல் உயிராக இருந்தாள், அதில் குறை இல்லை. ஆனால் நான் எதை வாங்கிக்கொண்டு போனாலும், அதைவிட நல்லதாக ஒன்று அவள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். அவளுக்கு என்று கொடுக்க என்னிடம் ஒன்றுமே இல்லை என்பது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவள் புருஷன் கப்பலில் கணக்கு எழுதும் கிராணி. அவளுக்கு வலி எடுத்த அன்று அவர் ரங்கூன் பக்கம் எங்கேயோ இருந்தார். ஆசுபத்திரி வராந்தாவில் நானும் அவள் மாமியாரும்தான். மாமியார் நல்ல மனுஷி, ஆனால் வாய் அதிகம். குயின் தெருவில் நின்று பேசினால் மார்க்கெட் தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள்.

காலையில் பெண் குழந்தை பிறந்தது. நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் நர்ஸ்கள் ஓட ஆரம்பித்தார்கள். உதிரம் நிற்கவில்லை. அம்மா போன அதே வழி. சற்று நேரத்தில் டிரெசர் வெளியே வந்தார். டாக்டருக்குக் கீழே ஊசி மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்க்கிற தமிழ் ஆள் அவர், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர்.

"சொந்தக்காரங்க யாராவது ரத்தம் குடுக்கணும். இப்பவே. நேரம் இல்ல" என்றார்.

மாமியார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஒருத்தர் ரத்தத்த எடுத்து இன்னொருத்தருக்கு ஊத்துறதா! எங்கயாச்சும் உண்டாலா இது?" என்று கத்தினார். கத்திக்கொண்டே தன் ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, "எங்கிட்ட எடு" என்று நீட்டியதும் அவர்தான். அவர் ரத்தத்தையும் தங்கை ரத்தத்தையும் ஒரு கண்ணாடித் துண்டில் கலந்து பார்த்தார்கள். திரிந்துவிட்டது. என்னுடையது சேர்ந்தது.

டிரெசர் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவசர அவசரமாகக் கேட்டார். "அக்கா, ஒங்களுக்குக் காய்ச்சல் உண்டா? மொறக்காய்ச்சல், குளுர் காய்ச்சல், எப்பவாச்சும் வந்திருக்கா?"

"இல்லிங்கய்யா" என்றேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். விடியற்காலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நிற்போம். ஆள் கணக்கெடுக்கும்போது ஒருவன் விளக்கைத் தூக்கிப் பிடித்து முகம் முகமாகப் பார்த்து, "காய்ச்சல் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே வருவான். உண்டு என்று சொன்னவரைத் தள்ளி நிறுத்திவிடுவார்கள். கொய்னா என்கிற கசப்பு மருந்தைக் குடிக்க வைத்து ஆசுபத்திரி லயத்துக்கு அனுப்புவார்கள். அன்றைக்குக் கூலிக் கணக்கில் பேர் விழாது. பேர் விழாத வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் பல் அடித்துக்கொண்டிருக்கும்போதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்று, கேட்கும்போது மட்டும் திறந்து, "இல்லிங்கய்யா" என்போம். தோட்டத்துப் பிள்ளைகள் பேசப் பழகும்போதே பழகிக்கொள்கிற பதில் அது.

பழக்க தோஷம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்புகூட ஒரு வாரம் குளிர் வந்து, சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்தேன். டிரெசர் கேட்டபோது அது நினைவுக்கு வந்தது. உண்டு என்று சொன்னால் என்னையும் தள்ளி நிறுத்திவிடுவார்களே, அவளுக்குக் கொடுக்க முதல் முதலாக ஒன்று கிடைத்திருக்கிறதே, அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். பயந்துதான் பொய் சொன்னேன். டிரெசர் அதை எழுதிக்கொண்டார்.

என் கையிலிருந்து ரத்தம் ஒரு சீசாவில் இறங்கி, அங்கிருந்து குழாய் வழியாக அவள் கைக்குப் போயிற்று. வெள்ளைக் காகிதமாக இருந்த அவள் உதடு மெல்ல மெல்ல நிறம் மாறியதை நான் பக்கத்தில் படுத்துக்கொண்டே பார்த்தேன். சாயங்காலம் கண்ணைத் திறந்து, "அக்கா, தண்ணி" என்றாள். மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு மட்டும் கர்வம் வராமல் என்ன செய்யும்?

பன்னிரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. முதல் இரண்டு மூன்று நாள் ஒழுங்கே இல்லாமல் ஏறியது, இறங்கியது. டாக்டர் வெள்ளைக்காரர், நல்ல கைராசிக்காரர் என்று பேர். வந்து பார்த்தார். பிரசவக் காய்ச்சல், கர்ப்பப்பையில் விஷம் ஏறியிருக்கிறது என்றார். மலாயாவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்ப்பார்கள், அவளுக்கும் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. டவுனை விட்டு வெளியே போகாத பெண், கொசுக் காய்ச்சலுக்கு வழியே இல்லை என்று அதோடு விட்டுவிட்டார்கள். மற்றத் தாய்மார்களுக்குத் தொற்றிவிடக் கூடாது என்று அவளை வார்டின் கோடியில் இருந்த தனி அறைக்கு மாற்றினார்கள். குழந்தையைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். எங்களையும் உள்ளே விடவில்லை. நானும் மாமியாரும் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

நான் கிடங்கிலிருந்து லீவு வாங்கிக்கொண்டு அந்த ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். அவள் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் வெளியே கேட்டது. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. பிறகு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மூன்று மணிக்கெல்லாம் வியர்வையில் படுக்கை நனைந்து, அவள் அலுப்பில் தூங்கிப்போனாள். மறுநாள் ஒன்றுமில்லை. எழுந்து உட்கார்ந்துகூடப் பேசினாள். அதற்கும் மறுநாள், அதே பதினோரு மணி, அதே நடுக்கம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அந்த வியர்வை நாற்றம்கூட எனக்குத் தெரியும். நான் அதற்குள்ளேயே வளர்ந்தவள்.

வராந்தாவில் போன டிரெசரை மறித்து, "ஐயா, இது எங்க தோட்டத்துக் காய்ச்சல் மாதிரியே இருக்குங்க" என்றேன்.

"அக்கா, ரத்தம் பாத்தாச்சு, இல்ல. தோட்டத்துக்கே போகாத பொண்ணுக்குத் தோட்டத்துக் காய்ச்சல் எங்கேருந்து வரும்? பறந்தா வரும்?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எங்கேருந்து வரும்? நான் என் கையைப் பார்த்தேன். ஊசிக் காயம் ஆறி, ஒரு சின்னப் புள்ளியாக இருந்தது. அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொசு வேண்டாம், தோட்டம் வேண்டாம். நானே சீசாவில் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஒரு நர்ஸ் மாமியாரிடம் சொன்னதைக் கேட்டேன். காய்ச்சல் இறங்குகிற வழியைக் காணோம், நாளை மறுநாள் மத்தியானம் மறுபடி மயக்க மருந்து கொடுத்து உள்ளே சுத்தம் செய்யப் பார்க்கிறார்கள், ஆனால் உடம்பில் ரத்தமே இல்லை, தாங்குவாளா என்பது சந்தேகம் என்றாள். மாமியார் சத்தம் இல்லாமல் அழுதார். அவர் சத்தம் இல்லாமல் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. என் தங்கையைக் கொல்லப்போவது நான்தான் என்று எனக்கு அப்போது உறைத்தது.

மறுநாள் முழுக்க நான் மென்று முழுங்கிக்கொண்டு திரிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் இல்லை. ஒருவேளை நின்றுவிட்டதோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சொன்னால் போலீசில் பிடித்துக் கொடுப்பார்களோ, மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் யோசித்தேன். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று ஆகிவிட்டது. குறிப்பிட்ட நாள் விடிந்ததும் குளித்து, ஈரத் தலையோடு போய், ரத்தம் பரிசோதிக்கிற அறை வாசலில் நின்றுகொண்டேன்.

"என்னக்கா இங்க? வார்டு அந்தப் பக்கம்" என்றார் டிரெசர், சாவியைப் போட்டுக்கொண்டே.

"ஐயா, ரத்தம் எடுத்தன்னைக்கு காய்ச்சல் உண்டான்னு கேட்டீங்க. இல்லன்னேன். அது பொய்யிங்க. உண்டு. சின்ன வயசுலேர்ந்து உண்டு. ரெண்டு மாசம் முன்னாடிகூட வந்துச்சு. தங்கச்சிக்கு வந்திருக்கறது பிரசவக் காய்ச்சல் இல்ல, என் காய்ச்சல்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "தெரிஞ்சுதான் பேசுறீங்களா? நான் கேட்டு, எழுதி, கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். டாக்டர் என்னைத்தான கேப்பாரு? எனக்கும் புள்ளகுட்டி இருக்குக்கா."

"நீங்க சரியாத்தான் கேட்டீங்க. பொய் சொன்னது நான். அத டாக்டர்கிட்ட நானே சொல்றேன், ஒங்க மேல ஒரு சொல்லு வர விடமாட்டேன். மொதல்ல என் வெரல குத்திப் பாருங்க."

"அதுக்கெல்லாம் டாக்டர் எழுதிக் குடுக்கணும்."

"அப்ப நான் இங்கயே ஒக்காந்துக்குறேன். நீங்க என்னைத் தாண்டித்தான் உள்ள போவணும், வெளிய வரணும்." சொன்னபடியே நிலைப்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு ஊசியை எடுத்தார்.

விரல் நுனியில் ஒரு குத்து. இரண்டு கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி, காயவைத்து, நீலச் சாயம் ஊற்றி, கழுவி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். ஒரு கண்ணை அதில் வைத்தபடி திருகாணியைத் திருகித் திருகிப் பார்த்தார். கால்மணி நேரம் ஆயிற்று. அரைமணி நேரமும் ஆயிற்று.

"ஒண்ணும் இல்லக்கா."

"இன்னொரு தடவ பாருங்க."

"அக்கா, கண்ணு வலிக்குது. எனக்கு வேற வேல இல்லையா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பாக்கு பொறுக்குறவ. ஒரு சாக்குல ஒரே ஒரு சொத்த இருக்கும், இருக்குன்னு எனக்குத் தெரியும். கெடைக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். ஒண்ணுக்குக்கூட போக மாட்டேன். இருக்குய்யா உள்ள. இருபது வருஷம் என் ஒடம்புல குடியிருந்தது, எனக்குத் தெரியாதா? பாருங்க!"

அவருக்கும் கோபம்தான். ஆனால் இரண்டாவது கண்ணாடியை எடுத்து வைத்தார். இந்த முறை ஓரத்திலிருந்து ஆரம்பித்து, வரிசை வரிசையாக, நாங்கள் பாக்கைப் பரப்பி வைத்துப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்த முதுகு அசையாமல் நின்றது.

"அடக் கடவுளே" என்றார் மெதுவாக. பிறகு நகர்ந்துகொண்டு, "வாங்க. நீங்களே பாருங்க" என்றார்.

முதலில் என் கண் இமை முடிதான் தெரிந்தது. பிறகு வெளிச்சத்தில் வட்ட வட்டமாக வெளிறிய காசுகள், நூற்றுக்கணக்கில். நடுவில் ஒரே ஒரு வட்டத்துக்குள் ஒரு நீல வளையம், அதில் சிவப்பாக ஒரு பொட்டு. கல் வைத்த சின்ன மூக்குத்தி வளையம் மாதிரி அழகாக இருந்தது. என் புருஷனைக் கொண்டுபோனது இதுதானா? எனக்கு அதைப் பிடித்து நசுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

"இது இருந்துமா நான் நடமாடிக்கிட்டிருக்கேன்?" என்று கேட்டேன்.

"ஒங்க ஒடம்பும் இதுவும் சின்ன வயசுலேர்ந்து சண்ட போட்டு ஓஞ்சு போயிடுச்சு. இப்ப பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி இருக்கீங்க, எப்பயாச்சும் ஒரு தகராறு. ஒங்க தங்கச்சி ரத்தம் இத இதுக்கு முன்ன பாத்ததே இல்ல. அதான் இந்த ஆட்டம்" என்றார்.

பத்து மணிக்கு டாக்டர் வார்டு சுற்ற வந்தார். நான் நடைபாதையின் நடுவில் போய் நின்றேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த பாசார் மலாயில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் சிவந்தது. டிரெசர் பக்கம் திரும்பிப் புத்தகத்தைக் கேட்டார். நான் குறுக்கே புகுந்து, "டியா தக் சாலா, துவான். சாயா யாங் போஹோங்" என்றேன். அவர் மேல் தப்பில்லை, பொய் சொன்னது நான் என்று. மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, நர்ஸ்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, டிரெசரிடம் ஏதோ சொல்லிவிட்டு, தங்கை அறைக்குள் போனார். என்னையும் உள்ளே விட்டார்கள்.

பதினோரு மணி ஆவதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள், "அக்கா, காலு சில்லுங்குது" என்றாள். பிறகு கட்டில் ஆட ஆரம்பித்தது. ஆடுகிற கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, டிரெசர் விரலைக் குத்தினார். எடுத்துக்கொண்டு ஓடினார். டாக்டரும் பின்னாலேயே போனார். திரும்பி வந்தபோது டிரெசர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். தேடவே வேண்டியிருக்கவில்லையாம், பார்க்கிற இடமெல்லாம் அதுதானாம். மத்தியானத்து மயக்க மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குக் கொய்னா ஆரம்பித்தார்கள்.

மாமியார் அன்று குழந்தைக்குப் பால் ஏற்பாடு செய்ய வீட்டுக்குப் போயிருந்தார். அவருக்கு இது ஒன்றும் தெரியாது. மருந்தை மாற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் அவரிடம் நர்ஸ் சொன்னாள்.

அடுத்த காய்ச்சல் வரவேண்டியது இரண்டு நாள் கழித்து. அந்த இரண்டு நாள் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த நாள் காலையில் டிரெசர் எனக்கும் ஒரு கிளாசில் கொய்னா மருந்து கொண்டுவந்தார். "நீங்களும் குடிக்கணும். சொல்ற நாள் வரைக்கும் விடாம குடிச்சு முடிக்கணும்" என்றார். நான் வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். கசப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவர் போகாமல் நின்றார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அன்னைக்கு நீங்க உண்டுன்னு சொல்லியிருந்தாலும் ஒங்க ரத்தத்தைத்தான் எடுத்திருப்போம். வேற ஆளு யாரு இருந்தா? எடுத்துட்டு, அன்னைக்கே தங்கச்சிக்குக் கொய்னா குடுத்திருப்போம். காய்ச்சலே வந்திருக்காது."

தள்ளி நிறுத்தியிருக்க மாட்டார்களா? உண்டு என்ற ஒரு வார்த்தைக்கு இவ்வளவுதான் விலையா? கம்பளிக்குள் அவள் பட்ட பாடு, தாயில்லாமல் குழந்தை அழுத அழுகை, எல்லாம் நான் வீணாக வாங்கிக் கொடுத்தது. எனக்கு என்மேல் வந்த வெறுப்பை இன்றைக்கும் என்னால் சொல்லி முடிக்க முடியாது.

பதினோரு மணி வந்தது. நான் அவள் பாதத்தைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பதினொன்றரை. அப்போதும் வெதுவெதுப்புத்தான். பன்னிரண்டு மணிக்கு அவள், "என்னக்கா, காலையே பிடிச்சிக்கிட்டு? கூச்சமா இருக்குலா, விடு" என்றாள். நான் விடவில்லை. அப்படிப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டம், பெரட்டு, பொய், டிரெசர் காலையில் சொன்னது வரைக்கும்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்து போகப் பார்த்தபோது, முகத்தைத் திருப்பாமலே, "எனக்கு கோவமா இருக்குக்கா. ரொம்ப கோவமா இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும்."

"நீ குடுக்கலன்னா செத்துருப்பேன்னும் தெரியுது. அப்படியும் கோவமா இருக்கு." பிறகு, "அத்தைக்குத் தெரியுமா?" என்றாள்.

"இல்ல."

"சொல்லாத. ஒன்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. எங்கிட்ட சொன்னதோட போவட்டும்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த மனுஷி என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர். ஆனால் வாயை மூடிக்கொண்டு நான் செய்த காரியம் போதும் என்று தோன்றியது. எழுந்து வராந்தாவுக்குப் போனேன். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எதிரில் நின்று சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். உள்ளே போனார். மருமகள் நெற்றியிலும் கழுத்திலும் உள்ளங்காலிலும் கை வைத்துப் பார்த்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெளியே வந்தார். ஆரம்பித்தார்.

அம்மாடி! அப்படி ஒரு திட்டை நான் கங்காணியிடம்கூட வாங்கியதில்லை. "அடிப் பாவி, நாசமாப் போறவளே! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பச்ச ஒடம்புக்காரியப் போட்டு இந்த ஆட்டு ஆட்டிட்டியே! ஊரு பூரா கைய காட்டிக்கிட்டு வேற திரிஞ்சியே, வெக்கமா இல்ல?" பக்கத்து வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் ஓடிவந்து உதட்டில் விரல் வைத்துப் பார்த்தாள், பலிக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் உள்ளே எனக்குச் சந்தோஷம் பொங்குகிறது. நாலு நாளைக்கு முன் இதே பெஞ்சில் இந்த மனுஷி சத்தம் இல்லாமல் அழுததைப் பார்த்தவள் நான். செத்துப்போகிறவளுக்காக யாரும் இப்படித் திட்டமாட்டார்கள். திட்டட்டும், சாயங்காலம் வரைக்கும் திட்டட்டும் என்று நின்றேன்.

கடைசியில் அவருக்கே மூச்சு வாங்கிற்று. பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள அவ பசிக்குதுங்குறா. கஞ்சி வாங்கிட்டு வராம என்ன பேசிக்கிட்டு நிக்கிற?" என்றார்.

நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. கஞ்சிக்கு ஓடினேன்.